சீட்டு வாங்காத வெளிச்சம்

மூத்தவளின் அலமாரியில் எல்லாப் புத்தகங்களுக்கும் ஒரே உடைதான்: பழுப்புத் தாள் அட்டை. மடிப்பு நூல் பிடித்ததுபோல் நேராக இருக்க வேண்டும். மூலையில் தாள் துருத்தக் கூடாது. தலைப்பை முதுகுப்புறத்தில் மட்டுமே எழுத வேண்டும். பார்வை இருந்தவரை அவளே அட்டை போட்டாள். விழித்திரை நோய் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்த பிறகு இளையவள் போட்டாள். மூத்தவள் விரலால் தடவிப் பார்த்து, "இந்தப் பக்கம் கோணல், பிரிச்சுப் போடு" என்றாள். இளையவள் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துப் போட்டாள். அந்த அட்டைகள் மட்டும் இல்லாதிருந்தால், நடந்தது எதுவும் வெளியே வந்திருக்காது.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். அண்ணன் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வேலை தேடித் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். கீழ்த்தளத்தில் மூத்தவள் இருந்தாள். மாடியில் இளையவளும் அவள் கணவரும் இருந்தார்கள். மாடி முன்னறையில் இளையவள் தையல் எந்திரம் போட்டு, ஆயத்த ஆடைக் கடைகளிலிருந்து வரும் துணிகளுக்கு ஆல்டரேஷன் பார்த்தாள். நீளமான காலைக் குறைப்பது, தொளதொளத்த இடுப்பைப் பிடிப்பது, கழுத்தை ஏற்றுவது ஆகியவை அவள் தொழில். எந்திரத்தின் சத்தம் நாள் முழுதும் மூத்தவளின் தலைக்குமேல் ஓடும். பிற்பகலில் அது நிற்கும். படிக்கட்டில் செருப்பில்லாத காலடி கேட்கும். நாற்காலி இழுபடும். அதற்குப் பின் ஒரு மணி நேரம் இளையவள் வாசிப்பாள், மூத்தவள் கேட்பாள்.

அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மூத்தவள் மற்ற மணி நேரங்களைப் பொறுத்துக்கொண்டாள் என்றால் அது மிகையன்று. பேரன் கைப்பேசியில் புத்தகம் வாசிக்கும் குரல் ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தான். இரண்டு பக்கம் கேட்டுவிட்டு, "இது மாத்திரை கொடுக்கற குரல். எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மாத்திரையைப் பற்றி அவளுக்கு நன்றாகவே தெரியும். பணி ஓய்வு பெறும்வரை மருந்துக் கம்பெனி ஒன்றில், மருந்துப் பெட்டிக்குள் சிறியதாக மடித்து வைக்கிற தாளைச் சரிபார்த்தவள் அவள். "உணவுக்குப் பின்" என்பது "உணவுக்கு முன்" என்று அச்சாகிவிட்டால் முகம் தெரியாத ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பார். அந்தத் தாளில் வேண்டாத சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வேண்டிய சொல் ஒன்றுகூடக் குறையக் கூடாது. நாள் முழுதும் அப்படிப்பட்ட வாக்கியங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவள், அதற்கு நேர்மாறான எழுத்தைத் தேடினாள். கதையில் யார் யாரை மணந்தார்கள், சொத்து யாருக்குப் போயிற்று என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"மழை பெய்ஞ்சதுங்கறது செய்தி" என்பாள் இளையவளிடம். "அது எப்படிப் பெய்ஞ்சதுன்னு ஒருத்தர் ஒரு பக்கம் எழுதறார் பாரு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு யாருக்கும் பைசா பிரயோஜனம் இல்ல. எனக்கு அந்தப் பக்கம்தான் வேணும்."

"எனக்கு மழைன்னா மாடியில காயப்போட்ட துணிதான் ஞாபகம் வரும்" என்பாள் இளையவள்.

"நீ திருந்தமாட்டே. படி."

ஆனால் பார்வை போன பிறகு ஏனோ அந்தப் பக்கம் வருவதே நின்றுவிட்டது. வாசகர் வட்டத்தில் மெச்சிய புதிய நாவல்களையெல்லாம் வரவழைத்துக் கேட்டாள். மழை பெய்தது, நின்றது. மாலை வந்தது, போயிற்று. மனிதர்கள் பேசினார்கள், சண்டை போட்டார்கள், செத்தார்கள். இக்காலத்தில் எழுதுகிறவர்களுக்குப் பொறுமையில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "பழைய புத்தகம் ஏதாவது எடுக்கட்டுமாக்கா?" என்று இளையவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், "அதெல்லாம் எனக்கு மனப்பாடம். புதுசைப் படி" என்றுதான் சொல்லியிருப்பாள்.

வாசிப்பின் நடுவே இளையவள் அடிக்கடி நிறுத்துவாள். தொண்டை கரகரப்பு என்பாள். நாள் முழுதும் பஞ்சுத் தூசியில் உட்காருகிறவளுக்குத் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்? மூத்தவள் தானே தட்டுத் தடுமாறி வெந்நீர் போட்டு, ஃபிளாஸ்கில் ஊற்றி, வாசிக்கும் நாற்காலியின் பக்கத்தில் தினமும் வைத்தாள். ஒருநாள் கையில் சுட்டுக்கொண்டாள். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. மூடி திருகும் சத்தம் கேட்கும். பிறகு நீண்ட அமைதி. "மெதுவாக் குடி, அவசரமில்ல" என்பாள் மூத்தவள்.

இப்படியிருக்கையில்தான் அந்த இரயில் நிலைய நாவல் வந்தது. எழுதியவர் அதே ஊரில் பல் மருத்துவராக இருக்கும் ஒரு பெண்மணி. அவருக்கு அது முதல் நூல். ஒரு சந்திப்பு நிலையத்தில், வருவதாகச் சொன்ன அக்காவுக்காகத் தங்கை ஒருத்தி காத்திருக்கும் கதை. நூலகத்து வாசகர் வட்டம் மூத்தவளிடம் மதிப்புரை கேட்டது. அந்த வட்டத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். இளையவள் நாவலை வாசித்து முடித்ததும், மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்து மதிப்புரையைச் சொல்ல, இளையவளே எழுதினாள்.

"இவருக்கு நடந்ததைச் சொல்லத் தெரிகிறது, பார்க்கத் தெரியவில்லை. காலை வருகிறது, மாலை வருகிறது. எந்தக் காலை, எந்த மாலை என்று இவர் கவலைப்படவில்லை. இரயில் கால அட்டவணை எழுதுகிறவர் கதை எழுதப் புகுந்தால் இப்படித்தான் இருக்கும்."

பேனா நின்றது. "கொஞ்சம் கடுமையா இல்லையாக்கா?" என்றாள் இளையவள்.

"நீ எழுது. தராசு என் கையில."

இளையவள் எழுதினாள். வட்டம் கூடிய அன்று, மூத்தவளின் பக்கத்தில் நின்று அதை வாசித்தவளும் அவளே. தெளிவான, திருத்தமான குரலில் வாசித்தாள். அரங்கில் யாரோ, "ஆனா அந்த விடியல்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பின்வரிசையிலிருந்து அந்தப் பல் மருத்துவரின் குரல் வந்தது: "நன்றிம்மா. இனிமே இன்னும் நல்லாப் பாத்து எழுதறேன்." குரலில் நடுக்கம் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இளையவள் மூத்தவளின் முழங்கையை வழக்கத்தைவிட இறுகப் பிடித்திருந்தாள். சாலையில் கூட்டம் போலிருக்கிறது என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் இளையவளின் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இளையவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். போகும்போது கணவரிடம், "அக்காவுக்கு நாலு பக்கமாவது படிச்சுக் காட்டுங்க. மேசையில புதுசா ஒரு நாவல் இருக்கு. பழசை எடுத்துப் படிக்காதீங்க, அக்காவுக்குப் பிடிக்காது" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

கொழுந்தனார் மின் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டாதவர். மறுநாள் பிற்பகல், பரீட்சைக்கு வந்த மாணவனைப்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணி, எனக்கு இதெல்லாம் வராது. தப்பாப் படிச்சா திட்டக் கூடாது."

"திட்டமாட்டேன் தம்பி. இருக்கறதைப் படிங்க, போதும்."

"எல்லாம் ஒரே மாதிரி காக்கி உடுத்திக்கிட்டு நிக்குதுங்க, போலீஸ்காரங்க மாதிரி. எதைன்னு எடுக்கறது?" என்று சொல்லிக்கொண்டே, மனைவி மேசையைக் காட்டிச் சொன்னதை மறந்து, அலமாரியில் கைக்கு வந்த ஒன்றை எடுத்தார். முதுகுப்புறத்தில் எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை.

முதல் வரியிலேயே மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது: அது அந்த இரயில் நிலைய நாவல். சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் மனிதர் இப்போதுதான் தொண்டையைச் செருமித் தொடங்கியிருக்கிறார். எழுப்பி வேறு புத்தகம் தேடவைத்தால் மறுபடி இந்தப் பக்கமே வரமாட்டார். ஓர் அத்தியாயம் கேட்டுவிட்டு அனுப்பிவிடலாம் என்று பேசாமல் இருந்தாள்.

கொழுந்தனார் வாசித்த விதத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வீடு வீடாகப் போய் மீட்டரில் எண் சொன்ன அதே குரலில், பக்க எண்ணைக்கூட விடாமல் வாசித்தார். தங்கை நிலையத்தில் வந்து இறங்கினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். இரவாயிற்று. அடுத்ததாக, "விடிந்தது. அவள் கண் விழித்தாள். அக்கா வரவில்லை" என்ற மூன்று வாக்கியங்கள் வரும் என்று மூத்தவள் காத்திருந்தாள்.

கொழுந்தனார் வாசித்தார்:

"விடியல் அந்த நிலையத்துக்குள் வாயில் வழியாக வரவில்லை. நிறுத்திவைத்த சரக்குப் பெட்டிகளின் இடுக்கில், சீட்டு வாங்காதவனைப் போலத் தலையைக் குனிந்து நுழைந்தது. முதலில் தண்டவாளத்தின் ஒரு விளிம்பைத் தொட்டது. இரவெல்லாம் இரும்பாகக் கிடந்தது நீராக ஓடத் தொடங்கியது. பிறகு நடைமேடையில் உறங்கியவர்களின் போர்வைகளுக்கு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் ஒவ்வொன்றாக நிறம் வந்தது: நீலம், செங்கல், பாசி, எல்லாருக்கும் கடைசியாக, வருவோமா வேண்டாமா என்று தயங்கிய ஒரு மஞ்சள். அவளுடைய போர்வையை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவள் தன் கையைப் பார்த்தாள். கை இன்னும் இரவிலேயே இருந்தது."

"பாருங்க அண்ணி, வெளிச்சம் டிக்கெட் எடுக்காம வந்துடுச்சாம்!" என்று சிரித்தார் கொழுந்தனார். "நல்ல ஆளு."

மூத்தவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த தன் கையை மறு கையால் பற்றிக்கொண்டாள்.

"தம்பி, இதை நீங்களா சேர்த்துச் சொன்னீங்களா?"

"நானா? லீவ் லெட்டர் எழுதவே எனக்கு அரை நாள் ஆகும். என்னைப் பாத்து இப்படிக் கேக்கறீங்களே!"

"புத்தகத்துல இருக்கா? அச்சுல?"

"கறுப்பு மையில இருக்கு. பாதிப் பக்கம்."

"முதல் பக்கத்துல பாருங்க. இது திருத்தின பதிப்பா?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. "முதல் பதிப்புன்னுதான் போட்டிருக்கு."

புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். முடிவுப் பக்கங்களை விரலால் வருடினாள். கடைசி அத்தியாயம் வாசித்தபோது இளையவள் அதன்மேல் தேநீரைக் கொட்டியிருந்தாள். அன்று மூத்தவள் வீட்டையே இரண்டாக்கினாள். மேல் மூலை மொடமொடப்பாக, அப்பளம்போல் உப்பி விரலில் தட்டியது. அதே புத்தகம்தான்.

"மேல் தட்டுல இடது ஓரம் ஒண்ணு இருக்கும். மீன்பிடித் துறைமுகத்துக் கதை. அதை எடுங்க. புயலுக்கு அப்புறம் அந்த மீனவன் வீட்டுக்கு வர்ற இடம், நடுவுல எங்கேயாவது இருக்கும்."

அவர் தேடி எடுத்து வாசித்தார். இளையவள் வாசித்தபோது அவன் வீட்டுக்கு வந்தான், கதவைத் தட்டினான். இப்போது அவன் கதவைத் தட்டுவதற்கு முன், கடல் ஒதுக்கிவிட்டுப் போன பொருள்கள் ஒன்றரைப் பக்கத்துக்குக் கரையில் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் உப்பு வெவ்வேறு விதமாக மின்னியது. மூத்தவள் கை காட்டி நிறுத்தினாள்.

"போதும் தம்பி. நீங்க போய்ப் படுங்க."

"ஏதாவது தப்பாப் படிச்சுட்டேனா அண்ணி?"

"நீங்க ஒருத்தர்தான் சரியாப் படிச்சீங்க."

அவர் போன பிறகு அவள் அலமாரிக்கு எதிரே போய் நின்றாள். பார்வை போன பின்பு வந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். அட்டைகள் எல்லாம் நேராக இருந்தன. மூலைகள் கச்சிதமாக இருந்தன. உள்ளே இருந்தவற்றில் அவளுக்குக் கிடைத்தது எலும்பு மட்டும். எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த உடம்புக்குச் சதையே இல்லை என்று ஊர் கூட்டித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். பின்வரிசையில் ஒரு பெண் அதற்கு நன்றி சொன்னாள். பக்கத்தில் நின்றவளுக்கு அத்தனையும் தெரியும். தெரிந்தே எழுதினாள். தெரிந்தே வாசித்தாள். தெரிந்தே முழங்கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

அடுத்து வந்த நாள்களில் கொழுந்தனார் வேறெதையும் வாசிக்கவில்லை. அந்த விடியலை மட்டும், மூத்தவள் கேட்கக் கேட்க, திரும்பத் திரும்ப வாசித்தார். "அண்ணி, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாலைதோறும் இளையவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

"ம்."

"அவர் படிக்கறாரா? கொன்னுடுவாரே படிச்சே!"

"படிக்கறார்."

"புதுசைத்தானே?"

"நீ வா. பேசிக்கலாம்."

"அம்மா கூப்பிடறாங்க" என்று மறுமுனை வைத்துவிட்டது.

திரும்பி வந்த அன்று பிற்பகல், இளையவள் வழக்கம்போல் இறங்கி வந்தாள். நாற்காலி இழுபட்டது. ஃபிளாஸ்கைத் தேடிய கை மேசையில் வெறுமனே உலாவியதை மூத்தவள் கேட்டாள்.

"வெந்நீர் வெக்கலையாக்கா?"

"இன்னைக்கு வெக்கல. அந்த இரயில் நிலையப் புத்தகத்தை எடு. அவ பெஞ்சுல தூங்கறாளே, அந்த இடத்துலேர்ந்து படி."

"அது முடிச்சதாச்சே?"

"படி."

இளையவள் பக்கத்தைப் புரட்டினாள். இந்தக் கணத்திலாவது நிற்கட்டும், தடுமாறட்டும், 'அக்கா, ஒண்ணு சொல்லணும்' என்று தொடங்கட்டும் என்று மூத்தவள் உள்ளுக்குள் வேண்டினாள். அவள் அப்போது வேண்டியது அதை மட்டுமே.

"இரவு நீண்டது. அவள் பெஞ்சில் சாய்ந்து உறங்கிப்போனாள்" என்று வாசித்தாள் இளையவள். ஒரு சிறு இடைவெளி. "விடிந்தது. அவள் கண் விழித்தாள். அக்கா வரவில்லை."

குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. வெட்டிய இடம் தெரியாமல் தைத்திருந்தாள்.

மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிச் சொன்னாள்: "விடியல் அந்த நிலையத்துக்குள் வாயில் வழியாக வரவில்லை." நிறுத்தாமல் சொன்னாள், சரக்குப் பெட்டிகளின் இடுக்கையும், நீராக ஓடிய தண்டவாளத்தையும், தயங்கிய மஞ்சளையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். "அவள் தன் கையைப் பார்த்தாள். கை இன்னும் இரவிலேயே இருந்தது" என்று முடித்தபோது, எதிரே புத்தகம் மூடப்படும் சத்தம் கேட்டது.

"சொல்லு" என்றாள் மூத்தவள்.

"கண்ணு போன புதுசுல ஒரு நாள், வானம் செவந்ததுன்னு ஒரு பக்கம் படிச்சேன். நீங்க முந்தானையை வாயில அழுத்திக்கிட்டு அழுதீங்க. நான் பாத்தது உங்களுக்குத் தெரியாது. பாக்க முடியாதவங்க கிட்ட நிறத்தையும் வெளிச்சத்தையும் படிச்சு ஏன் நோகடிக்கணும்னு தோணிச்சு. அதான்..."

"நான் ஏன் அழுதேன்னு கேட்டியா?"

"கேக்கவா முடியும்?"

"நல்லா எழுதியிருந்ததுக்காக அழுதேன்டி! கண்ணுக்காக அழறதை நான் உனக்கு முன்னாடி அழுது முடிச்சாச்சு. அது புத்தகத்துக்கு அழுத அழுகை. அதுக்குத்தானே படிக்கச் சொன்னேன்?"

"எனக்கு அது தெரியல. கதையை ஒண்ணும் விடலையேக்கா. நடந்தது எல்லாத்தையும் படிச்சேன். நான் விட்ட இடத்துலல்லாம் ஒண்ணும் நடக்கல."

"நடந்ததை மட்டும் கேக்க நான் என்ன போலீஸ் ஸ்டேஷன்லயா உக்காந்திருக்கேன்? என் புத்தகத்தை என்ன பேன்ட்டுன்னு நெனச்சியா, கால் நீளம்னு குறைச்சுத் தர்றதுக்கு?"

இளையவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. மூத்தவளின் கோபம் அந்த இடத்திலேயே நின்றிருக்கக்கூடும். பரிதாபத்தால் செய்த தவறு என்று காலப்போக்கில் செரித்தும் இருப்பாள். ஆனால் அவள் அறிவு நிற்கவில்லை. இத்தனை சுத்தமாக விட்டுவிட்டு வாசிக்க வேண்டுமென்றால், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். பார்க்க நேரம் வேண்டும்.

"அந்தப் பக்கத்தையெல்லாம் நீயாவது படிச்சியா?"

எதிரே நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது.

"நடுவுல நடுவுல தொண்டைன்னு நிறுத்துவியே. மூடியைத் திறப்பியே. மெதுவாக் குடின்னு நானும் சொல்லுவேனே."

"அப்போதான் படிப்பேன்" என்றாள் இளையவள். குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. "மனசுக்குள்ள. முதல்ல எவ்வளவு விடணும்னு தெரியறதுக்காகத்தான் பாத்தேன். அப்புறம்... நல்லா இருந்துச்சுக்கா. எனக்கு அதெல்லாம் முன்னாடி தெரியாது. நாள் பூரா யாரோ ஒருத்தர் துணி, யாரோ ஒருத்தர் அளவு. அந்த நேரத்துல மட்டும் எனக்குன்னு ஏதோ ஒண்ணு கிடைச்ச மாதிரி இருந்துச்சு. சத்தமாப் படிச்சா அது உங்களுக்குப் போயிடும்னு..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை, முடிக்கவும் தேவையிருக்கவில்லை.

மூத்தவளுக்கு வெந்நீர் நினைவு வந்தது. கையில் சுட்டுக்கொண்ட நாள் நினைவு வந்தது. அந்த நீண்ட அமைதிகளில் எதிரே இரண்டடி தூரத்தில் வானம் சிவந்துகொண்டிருந்தது, கடல் மின்னிக்கொண்டிருந்தது, போர்வைகளுக்கு ஒவ்வொன்றாக நிறம் வந்துகொண்டிருந்தது. பிறர் தொண்டைக்கு இரங்கி, தான் சுவரைப்போல் உட்கார்ந்திருந்தது புரிந்தது.

"அந்த மதிப்புரையை எழுதும்போது சொல்லியிருக்கலாமே. அந்தப் பொண்ணு நடுங்கின குரல்ல நன்றி சொல்லிச்சே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே."

"சொல்லிட்டா இந்த நாற்காலி எனக்கு இருக்காதுன்னு பயந்தேன்."

"காகிதம் எடு" என்றாள் மூத்தவள். "பேனா எடு. வாசகர் வட்டத்துக்கு. எழுது."

இளையவள் எடுத்தாள். மூத்தவள் மருந்துத் தாளுக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"சென்ற கூட்டத்தில் ஒரு நாவலைப் பற்றி நான் கூறிய கருத்து முற்றிலும் தவறு. நான் கேட்டது அந்த நாவலே அல்ல. எனக்கு வாசித்தவர் அதிலிருந்த விடியல்களையும் மாலைகளையும் எடுத்துவிட்டு எஞ்சியதை வாசித்தார். இந்த ஆசிரியருக்குப் பார்க்கத் தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு வாசித்தவர் வேறு யாரும் அல்லர். இந்தக் குறிப்பை எழுதுகிறவரே."

பேனா நின்றது. பிறகு நகர்ந்தது. எழுதி முடித்துக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, இளையவள் மாடிப்படி ஏறினாள். எந்திரம் ஓடவில்லை.

மறுநாள் பிற்பகல் மூத்தவள் கொழுந்தனாரைக் கூப்பிட்டாள். "மேசையில ஒரு காகிதம் இருக்கு தம்பி. அதுல இருக்கறதை இருக்கற மாதிரி படிங்க."

அவர் படித்தார். மீட்டர் எண் சொல்லும் அதே குரலில், கருத்து, தவறு, விடியல்கள், மாலைகள், மன்னிப்பு என்று எல்லாமே வந்தன. கடைசி வரிக்கு வந்ததும் குரல் முதல்முறையாகத் தடுக்கிற்று. "அண்ணி, இது... இவ கையெழுத்துதானே? இவளே இவளைப் பத்தி எழுதியிருக்காளா?"

"படிங்க."

அவர் முடித்தார். ஒரு சொல்லும் குறையவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு வாய் தேவைப்பட்டதே என்பதுதான் மூத்தவளின் நெஞ்சில் நெருஞ்சியாய்த் தைத்தது. இனி இளையவளின் குரல் எவ்வளவு படித்தாலும், அதற்குப் பின்னால் யாராவது வந்து மீட்டர் பார்க்க வேண்டும்.

"அவ்வளவுதானா?"

"கீழே அவ பேரையும் எழுதியிருக்கா. எழுதியவர்னு போட்டு."

தலைக்குமேல் கூரை அமைதியாக இருந்தது. படிக்கட்டின் மேல் படியில் யாரோ உட்கார்ந்திருக்கும்போது பலகை எழுப்புகிற மெல்லிய முனகல் மட்டும் கேட்டது.

"பேரை எழுதுன்னு நான் சொல்லல" என்றாள். "நான் சொல்லாததை அடிச்சிடுங்க."

"அண்ணி..."

"அடிச்சிடுங்க தம்பி."

பேனா காகிதத்தில் ஒருமுறை இழுபட்டது. கொழுந்தனார் பெருமூச்சு விட்டார். "இன்னைக்குப் புத்தகமும் படிக்கணுமா?"

"படிக்கணும். அந்த நாவலையே முதல்லேர்ந்து படிங்க. ஒரு வரி விடக் கூடாது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழக்கத்தால் மூத்தவளின் கை ஃபிளாஸ்க் இருக்கும் இடத்துக்குப் போயிற்று, அங்கே ஒன்றுமில்லை.

"வெந்நீரா? எனக்கு வேண்டாம் அண்ணி" என்றார் கொழுந்தனார். "என் தொண்டைக்கு ஒண்ணுமில்ல."

"அவ தொண்டைக்கும் ஒண்ணுமில்ல தம்பி" என்றாள் மூத்தவள், மாடிப்படிக்குக் கேட்கும்படியாக. "பக்க எண்ணிலேர்ந்து ஆரம்பிங்க."